எலும்பும் தோலும் தந்த இசை

அன்னவாசல் கூட்டம் முடிந்த மறுநாள் காலை, தோழர்கள் நால்வரோடு குடுமியான்மலைக்குச் சென்றோம். புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர். குன்றைக் குடைந்தெடுத்த கோயில். அதற்குப் பக்கத்துப் பாறைச் சரிவிலே 38 வரி எழுத்து. பாட்டுக்குரிய சுரங்களைப் பாறையிலே பொறித்து வைத்த பாடம் அது! 1904இல் படியெடுக்கப்பட்டது, பின்னர் பண்டார்க்கர் என்னும் அறிஞர் அதைப் படித்து, 'எபிகிராபியா இண்டிகா' பன்னிரண்டாம் தொகுதியில் வெளியிட்டார். ஏழு பகுதிகள், ஏழு பண்முறைகள். ரகரம் ஒன்றையே ர, ரி, ரு, ரெ என உயிர் மாற்றி மாற்றி, நான்கு நான்காகச் சுரங்களைக் கோத்திருக்கிறார்கள். எழுத்து பல்லவர் காலக் கிரந்தம். மொழி வடமொழி. செய்வித்தவன் ஓர் அரசன், சிவனடியான், உருத்திராசாரியார் என்பவரின் மாணவன் என்று மட்டும் இருக்கிறது. அரசனின் பெயர் இல்லை. மகேந்திரவர்மன் என்பர் சிலர். இல்லை என்று மறுப்பர் சிலர். எல்லாம் முடிந்த பிறகு, கீழே ஒரு துளி தமிழ்: எட்டுக்கும் ஏழுக்கும் இவை உரியவை என்னும் பொருளில் ஒரே ஒரு தொடர்! வீட்டையெல்லாம் விருந்தாளிக்கு விட்டுவிட்டு, வீட்டுக்காரி திண்ணையில் ஒடுங்கி நிற்பதுபோல் நம் தாய்மொழி அங்கே நிற்கிறது.

இதையெல்லாம் தோழர்களுக்கு எடுத்துச் சொல்லிக்கொண்டிருந்தோம். உடன் வந்தவர்களிலே ஒருவர் கல் உடைக்கும் தொழிலாளர். ஐம்பது வயதிருக்கும். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தவர், "அண்ணே, எழுதச் சொன்னவன் ராசாங்கிறீங்க, சரி. கல்லை வெட்டினவன் யாருண்ணே?" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. கல்வெட்டிலும் இல்லை.

அவர் அதோடு விடவில்லை. எழுத்துப் பாறையை விட்டு நெடுந்தூரம் தள்ளிக் கிடந்த ஒரு சிறு கல்லிடம் எங்களை அழைத்துச் சென்று, சட்டைப் பையிலிருந்த சாவியால் அதைத் தட்டினார். "கேளுங்க. மணி மாதிரி இருக்கா? இது கெட்டிக் கல்லு. உள்ளே விரிசல் இருந்தா சத்தம் செத்துப்போயிருக்கும். உளி வைக்கிறதுக்கு முன்னாடியே நாங்க காதாலதாண்ணே கல்லைப் பார்ப்போம்."

காதால் கல்லைப் பார்ப்பது! சிற்பிகளும் கல்லைத் தட்டி ஓசை கேட்டே ஆண் கல், பெண் கல் என்று பிரிப்பார்கள். பள்ளிக்கூடப் படிப்போடு நிறுத்திக்கொண்ட நமக்கு அந்தக் கல்வெட்டைப் படித்துச் சொல்ல ஆயிரம் நூல் வேண்டியிருந்தது. அந்தத் தோழருக்கு ஒரு சாவி போதுமானதாக இருந்தது. திரும்பும் வழியெல்லாம் ஒரே கேள்விதான் நம்மைக் குடைந்தது. இசை எங்கே தொடங்கிற்று? யார் கையிலே தொடங்கிற்று?

கேட்டால் வைதிகர் தயங்காமல் விடை சொல்வர். சாமவேதத்திலே தொடங்கிற்று, நாரதர் வீணையிலே தொடங்கிற்று, நந்தி முழக்கிய மத்தளத்திலே தொடங்கிற்று, கலைமகள் கை விரலிலே தொடங்கிற்று! தேவலோகத்துச் சரக்கு அது; பூலோகத்திலே அதை விற்கும் உரிமை ஒரு சிலருக்குத்தான்! இப்படித்தானே தலைமுறை தலைமுறையாகச் சொன்னார்கள்?

மண் வேறு விதமாகச் சொல்கிறது, தோழர்களே!

தென்மேற்கு ஜெர்மனியிலே ஓல ஃபெல்ஸ் என்றொரு குகை. 2008இல் அங்கே தோண்டிய ஆய்வாளர்களுக்கு ஓர் எலும்புத் துண்டு கிடைத்தது; துண்டு துண்டாகக் கிடைத்ததை ஒட்டிப் பார்த்தார்கள். புல்லாங்குழல்! ஐந்து துளைகள், ஒரு சாண் நீளம். காலம் 35,000 ஆண்டுகளுக்கும் மேல். இருக்கு வேதத்துக்கு ஏறத்தாழ 3,500 ஆண்டு என்று கணக்கிடுகிறார்கள்; அதைப் போலப் பத்து மடங்கு பழமை! சீன நாட்டில் சியாகு என்ற ஊரிலும் எலும்புக் குழல்கள் கிடைத்திருக்கின்றன. அவை ஏறத்தாழ 9,000 ஆண்டுப் பழமை. கொக்கு இனத்துப் பறவையின் இறக்கை எலும்பிலே செய்தவை. அவற்றிலே ஒன்றை இந்தக் காலத்தில் ஊதிப் பார்த்தார்கள், ஓசை வந்தது.

ஜெர்மனிக் குழல் எந்தப் பறவையின் எலும்பு தெரியுமா? கழுகு! பிணம் தின்னும் பிணந்தின்னிக் கழுகு! செத்த மாட்டைக் கொத்தித் தின்ற பறவை, அதுவும் செத்த பிறகு, அதன் இறக்கை எலும்பை எடுத்துச் சுரண்டித் துளையிட்டு, வாயிலே வைத்து ஊதினான் ஒருவன். நமக்குத் தெரிந்த மிகப் பழைய இசைக்கருவிகளில் ஒன்று இது. எலும்பு தீட்டு, தோல் தீட்டு, செத்த மாட்டைத் தொட்டவன் தீட்டு என்றெல்லாம் சட்டம் வகுத்த சாத்திரக்காரர் அன்று அந்தக் குகை வாயிலிலே நின்றிருந்தால், இசை என்பதே பிறந்திருக்காது!

இங்கே நம்மவர்க்கும் ஒரு சொல். எதை எடுத்தாலும் அதை முதலில் செய்தவன் தமிழனே என்று மேடையிலே மார்தட்டும் பழக்கம் நம் தோழர்கள் சிலரிடம் இருக்கிறது. வேண்டாம். அந்தக் குழலை ஊதியவன் ஜெர்மானியனும் அல்லன், தமிழனும் அல்லன். மொழிகளுக்கு இன்றைய பெயர்கள் பிறக்காத காலத்து மனிதன். அவனுக்குச் சாதி இல்லை என்பதுதான் நமக்கு வேண்டிய செய்தி. பொய்ப் பெருமை பேசினால், புராணக்காரனுக்கும் நமக்கும் என்ன வேறுபாடு?

சரி, தென்னாட்டிலே? கருநாடகத்தில் பெல்லாரிக்கு அருகே குப்கல் என்ற ஊர். புதிய கற்காலத்து மக்கள் வாழ்ந்த குன்று. மாடுகளையும் மனிதர்களையும் பாறையிலே கொத்தி வரைந்திருக்கிறார்கள். அந்தப் பாறைகளிலே சிலவற்றில் கிண்ணம்போல் தேய்ந்த குழிகள். அந்த இடத்தில் கல்லால் தட்டினால் சேகண்டி ஓசை! 2004இல் நிக்கோல் பாய்வின் என்ற ஆய்வாளர் இதை விரிவாக எழுதி உலகுக்குச் சொன்னார். ஓவியம் தீட்டிய கையும் ஓசை எழுப்பிய கையும் ஒரே பாறையிலே வேலை செய்திருக்கின்றன என்பது அவர் கருத்து. பாறையே பறை! ஆனால் அதே குன்றிலே கல் குவாரியும் நடந்தது. ஆய்வாளர்கள் எழுதும்போதே அபாயச் சங்கும் ஊத வேண்டியிருந்தது.

குவாரி என்றதும் நம் மாவட்டத்துத் தோழர்களுக்கு நெஞ்சு துடிக்கும் என்று தெரியும். அதற்கு வருவோம்.

மூங்கில் மக்கிப் போகும். தோல் மக்கிப் போகும். நரம்பு மக்கிப் போகும். ஜெர்மனிக் குகையின் குளிரில் எலும்பு நிலைத்தது. நம் வெயிலிலும் மழையிலும் செம்மண்ணிலும் மூங்கில் குழல் எத்தனை நாள் நிலைக்கும்? சித்தன்னவாசலைச் சுற்றிக் கல்வட்டங்களும் ஈமக்குழிகளும் கிடக்கின்றன. ஏழடிப்பட்டத்திலே வழுவழுப்பான கற்படுக்கைகள், பழந்தமிழ் எழுத்து. பொற்பனைக்கோட்டையில் 2023இல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியபோது, பொன் அணியும் சூதுபவள மணியும் எலும்பு முனைக் கருவியும் வெளிவந்தன. எலும்பைச் செதுக்கத் தெரிந்த கை அது. அந்தக் கை ஓய்ந்த மாலையில் என்ன பாடிற்று என்பதை மண் வைத்திருக்காது. ஆனால் நம்மிடம் வேறொரு குழி இருக்கிறது, தோண்டத் தோண்டக் கொடுக்கும் குழி. சங்க இலக்கியம்!

பெரும்பாணாற்றுப்படையைத் திறந்து பாருங்கள். அங்கே ஓர் இடையன். மாடு மேய்க்கப் போனவன். தீக்கடைகோலால் மூங்கிலைச் சுட்டுத் துளையிட்டுக் குழல் செய்கிறான். ஊதி ஊதி அலுத்ததும் என்ன செய்கிறான்? குமிழ மரத்துக் கொம்பை வளைத்து, மரல் நாரை நரம்பாகக் கட்டி, வில்போல் ஒன்று செய்து விரலால் தெறித்துக் குறிஞ்சிப் பண் வாசிக்கிறான். வில்லிலிருந்து யாழ் எப்படிப் பிறந்தது என்று உலகத்து அறிஞர்கள் எழுதிக் குவிக்கிறார்களே, அந்தப் பிறப்பை நேரில் கண்டவன்போல் நம் புலவன் சொல்லிவிட்டான். அங்கே நாரதர் இல்லை, கலைமகள் இல்லை, ஓர் இடையன், ஒரு கொம்பு, ஒரு நார். அகநானூற்றிலே கபிலர் இன்னும் ஒரு படி முன்னே போகிறார். வண்டு துளைத்த மூங்கிலிலே மேல்காற்று புகுந்து குழலோசை எழுப்புகிறது, அருவி முழவாகிறது. முதல் ஆசிரியன் காற்று என்கிறார் அவர்!

தொல்காப்பியம் நிலத்துக்கு நிலம் கருப்பொருள் வகுத்தபோது, தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை என்று சொல்லிக்கொண்டே வந்து, அந்த வரிசையிலே பறையையும் யாழையும் சேர்த்தது. உண்ணும் சோற்றுக்கும் ஒதுங்கும் மரத்துக்கும் பக்கத்திலே பறை! மலையிலே தொண்டகப்பறை, காட்டிலே ஏறுகோட்பறை, வயலிலே நெல்லரிகிணை, கடற்கரையிலே மீன்கோட்பறை, பாலையிலே துடி என்று விரித்துரைத்தனர் பின்வந்தோர். பெயர்களைக் கவனியுங்கள். ஏறு தழுவ ஒரு பறை, நெல் அறுக்க ஒரு பறை, மீன் பிடிக்க ஒரு பறை. வேலையிலிருந்து பிறந்த இசை இது. வலையை இழுக்கும் கைகளும் கதிரை அறுக்கும் கைகளும் ஒன்றாய் அசைய வேண்டும். அசைவுக்கு ஓர் அடி வேண்டும். அந்த அடியே தாளம்.

புறநானூற்றிலே மாங்குடி கிழார் ஒரு பாட்டில், குடி என்றால் இந்த நான்குதான் என்கிறார். துடியன், பாணன், பறையன், கடம்பன். எண்ணிப் பாருங்கள்! நான்கிலே மூன்று, இசையால் பெயர் பெற்ற குடி. துடி முழக்குபவன் துடியன். பண் பாடுபவன் பாணன். பறை அறைபவன் பறையன். அன்று அது தொழிற்பெயர். தலைநிமிர்ந்து சொன்ன பெயர்.

அந்தப் பெயரை இழிசொல்லாக்கியது யார்?

பாணனைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய கதையைப் பெரியபுராணமே சொல்லவில்லையா? திருநீலகண்ட யாழ்ப்பாணர் யாழோடு வெளியே நிற்கிறார். கடவுள் வந்து உள்ளே அழைக்கும்படி ஆகிறது. மனிதன் அழைக்கவில்லை என்று பொருள்! தேவாரத்துக்குப் பண் மறந்துபோனபோது, அந்தப் பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைத் தேடிப்போய்த்தான் மீட்டார்கள் என்பதும் அவர்கள் எழுதிய கதையே. ஒதுக்கவும் செய்வார்கள், தேவைப்பட்டால் ஓடிவந்து கேட்கவும் செய்வார்கள். யாழ் மறைந்தது. அதை வாசித்த குடி சிதறியது. தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் 1917இல் 'கருணாமிர்த சாகரம்' வெளியிட்டதும், ஈழத்துத் துறவி விபுலானந்தர் 1947இல் 'யாழ் நூல்' தந்ததும், தமிழனுக்குச் சொந்தமாக இசை உண்டு என்று மெய்ப்பிக்க ஒரு வாழ்நாளையே செலவிட வேண்டியிருந்த காலத்தின் கதை. தமிழ்நாட்டில் தமிழ்ப் பாட்டுப் பாடக்கோரி 1943இல் ஒரு சங்கம் தொடங்க வேண்டியிருந்ததே, இதைவிட வெட்கம் வேறு உண்டா?

இனி, தோலுக்கு வருவோம்.

பறை செய்வதைப் பார்த்திருக்கிறீர்களா? வேம்பின் மரத்துண்டுகளை வளையமாக இணைத்து, கன்றின் தோலை இழுத்துப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி, வெயிலிலே காயவைத்து, அடிக்கும் முன்னே வைக்கோல் நெருப்பிலே காட்டிச் சூடேற்றுவார்கள். சூடேறிய தோல் 'கண்' என்று அதிரும். நெருப்பின் எந்த அளவில் எந்த ஒலி வரும் என்பது கைக்குத் தெரியும், ஏட்டில் இல்லை. மேடையிலே பட்டுச் சட்டை போட்டுக்கொண்டு வீற்றிருக்கும் மிருதங்கம் மட்டும் எதனால் ஆனது? பசுத்தோல், எருமைத்தோல், ஆட்டுத்தோல்! தோலை உரித்துப் பதப்படுத்தி வார் பிடித்துக் கட்டிக் கொடுப்பவர் ஒருவர். அதைத் தட்டிக் கைதட்டல் வாங்குபவர் வேறொருவர். 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்று டி.எம். கிருஷ்ணா 2020இல் இந்தத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதன் வெளியீட்டு விழாவுக்குக் கொடுத்திருந்த இடத்தைக் கலாக்ஷேத்திரா திரும்பப் பெற்றுக்கொண்டது. கருவி உள்ளே போகலாம்; கருவி செய்தவனின் கதை உள்ளே போகக்கூடாது!

நம் புதுக்கோட்டை இதிலே ஒரு தனிப் பெருமைக்கு உரியது. கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிவைத்தவர் புதுக்கோட்டை மாமுண்டியா பிள்ளை என்பர். கஞ்சிராவின் தோல் எது? உடும்புத் தோல்! காட்டிலும் மேட்டிலும் ஊர்ந்த உடும்பின் தோல் இந்த ஊர்க் கலைஞர் கையிலே லயமாகியது. (உடும்பு இன்று சட்டத்தால் காக்கப்படும் உயிர், அதைப் பிடிக்கலாகாது. வேறு தோலை நாடுகிறார்கள். அதுவே சரி.)

ஆக, கழுகின் எலும்பு, கன்றின் தோல், உடும்பின் தோல், மரல் நார், மூங்கில். இவற்றைத் தொட்ட கைகளே இசையை உண்டாக்கின. குடுமியான்மலைக் கல்வெட்டை நாம் மதிக்கிறோம். அதைக் குறைத்துப் பேச வரவில்லை. ஆனால் அது இசையின் தொடக்கமல்ல. ஆயிரமாயிரம் ஆண்டு காட்டிலும் வயலிலும் வளர்ந்ததற்கு ஓர் அரசன் போட்ட கணக்கு. அந்தக் கணக்குக்கும் கதி என்ன ஆயிற்று? திருமயத்துக்குப் போய்ப் பாருங்கள். அங்கும் குடைவரையிலே இதுபோன்ற இசைக் கல்வெட்டு இருந்தது. பிற்காலக் கல்வெட்டு ஒன்றைப் பொறிப்பதற்காக அதன் பெரும்பகுதியைச் செதுக்கி எறிந்துவிட்டார்கள்! 'பரிவாதினி' என்னும் பெயரும் சில எழுத்துக்களும்தான் மிச்சம். அரசன் எழுதியதே அழியுமானால் மாடு மேய்த்தவன் பாட்டுக்கு யார் காவல்?

அதனால் சில கோரிக்கைகள். நம் அரசு, பிறர் அரசு என்று பார்க்காமல் கேட்க வேண்டியவை.

புதுக்கோட்டை மாவட்டத்தில் கல் குவாரிக்கு உரிமம் கொடுக்குமுன், தொல்லியல் தெரிந்தவர் அந்தக் குன்றை ஏறிப் பார்க்க வேண்டும். கண்ணால் மட்டுமல்ல, காதாலும் பார்க்க வேண்டும். கல்வட்டம் இருக்கிறதா, கீறல் ஓவியம் இருக்கிறதா என்று குறிக்கும் தாளிலே, தட்டினால் ஒலிக்கும் பாறை இருக்கிறதா என்றும் ஒரு கட்டம் சேர்க்கட்டும். அதைக் கண்டுபிடிக்க வெளிநாட்டுக் கருவி வேண்டாம். பத்து ஆண்டு கல் உடைத்த தொழிலாளர் ஒருவரைக் கூலி கொடுத்து அழைத்துச் செல்லட்டும். குவாரியை அடியோடு மூடு என்று நாம் சொல்லவில்லை. அதிலே நம் தோழர்களின் சோறு இருக்கிறது. ஆனால் வெடி வைத்த பிறகு எந்த ஆய்வாளர் வந்து என்ன பயன்? துண்டுக் கல் பாடாது.

குடுமியான்மலைப் பாறைக்குப் பக்கத்தில் எழுத்துக்கூட்டிப் படிப்பவனுக்கும் புரியும் தமிழில் பலகை வைக்க வேண்டும். பள்ளியிலே இசை வகுப்பு என்றால் பறையும் அதிலே இருக்க வேண்டும். 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது, மகிழ்ந்தோம். விருது ஒருவருக்கு வந்தது. வகுப்பறை எல்லாப் பிள்ளைகளுக்கும் வரவேண்டும்.

இவையெல்லாம் அரசிடம் கேட்பவை. நம்மிடம் கேட்க வேண்டியதும் உண்டு, கசக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 2022 டிசம்பரில் வேங்கைவயல் குடிநீர்த் தொட்டியிலே மலம் கலந்ததைக் கண்டு நாடே கூசியதே, அது இந்த மாவட்டம். பக்கத்திலே தேநீர்க் கடையில் தனிக்குவளை இருந்ததும் அப்போதுதான் வெளிவந்தது. பகுத்தறிவு பேசும் நம் கொடி பறக்கும் ஊர்களிலே, சாவு விழுந்தால் பறைக்கு ஆள் அனுப்புவது எந்தத் தெருவுக்கு? வந்தவரை எங்கே உட்காரவைக்கிறோம்? இனிச் சாவுக்கு அடிக்க மாட்டோம் என்று பறையைத் தீயில் போட்டவர்களும் உண்டு. அதே பறையை நிமிர்ந்து மேடைக்குக் கொண்டுவந்தவர்களும் உண்டு. இருவர் சினமும் நியாயமே. அடிப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும். ஊர் முடிவு செய்யக்கூடாது.

நம் ஊர்வலங்களிலே முன்னால் முழங்குவது பறைதான். அது முழங்காவிட்டால் ஊர்வலத்துக்கு உயிர் ஏது? வெயிலிலே நாலு மைல் அடித்துக்கொண்டு வந்தவர்கள், கூட்டம் தொடங்கியதும் எங்கே போகிறார்கள்? மேடைக்குப் பின்னால், மின்கம்பத்தடியில் குந்தியிருப்பதை நாமே பலமுறை பார்த்திருக்கிறோம்; நாமும் மாலையைப் போட்டுக்கொண்டு மேடை ஏறிப் பேசியிருக்கிறோம். அந்தக் குற்றத்தில் நமக்கும் பங்கு உண்டு.

அன்று பேருந்துக்குக் காத்திருந்தபோது கல் உடைக்கும் தோழரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "நோட்டீசுல எம்புட்டுப் பேரு போடுறீங்கண்ணே, தலைமை, முன்னிலை, வரவேற்புன்னு! அடிக்கிறவங்க பேரை ஒருவாட்டி போடுங்களேன்" என்றார்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கான துண்டறிக்கை இந்த வாரம் அச்சுக்குப் போகிறது. பறைக் குழுவினர் ஆறு பேர். ஆறு பெயரையும் கேட்டு எழுதி வாங்கிவிட்டோம். சிறப்புரையாளர் பெயர் எந்த அளவு எழுத்திலே வருகிறதோ, அதே அளவில் போடச் சொல்லியிருக்கிறோம். மற்ற ஊர்க் கிளைக் கழகத் தோழர்களும் தங்கள் துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறோம்.